ரிப்போர்ட்டை மடிச்சு வச்சுட்டு "சாப்ட்டியா"ன்னு கேட்டாரு

மேடம், நான் பழைய வண்ணாரப்பேட்டைல இருக்கேன், வயசு 36, ஒரே பொண்ணு, ஆறாவது படிக்கிறா. எங்க அம்மா மார்புல கேன்சர் வந்து 2009ல தவறிட்டாங்க, பெரியம்மாவுக்கு ஓவரில, அதான் சினைப்பையில வந்துச்சு, போன வருஷம் சித்தி பொண்ணுக்கும் வந்ததும்தான் டாக்டர் என்னை ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொன்னாரு. பிஆர்சிஏ 1ங்கிற ஜீன்ல கோளாறு, பாசிட்டிவ்னு வந்துச்சு. இப்போதைக்கு கேன்சர் இல்ல, வர்ற வாய்ப்பு ஜாஸ்தின்னாங்க.

ரிப்போர்ட்டை வீட்டுக்காரர் கையில குடுத்தேன். படிச்சாரு, நாலா மடிச்சு டிவி ஸ்டாண்டுக்கு கீழ வச்சாரு, "சாப்ட்டியா"ன்னாரு. அவ்ளோதான் மேடம். 13 வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அவ்ளோதான்.

மாமியார் வேற "பொண்ணு குடுக்கும்போது இதெல்லாம் சொல்லலையே"ங்கிறாங்க. எங்கம்மா எப்படி செத்தாங்கன்னு தெரிஞ்சுதானே பொண்ணு பார்க்க வந்தாங்க? அப்பவும் இவரு வாயத் தொறக்கல. ஆனா என்னைக் கேக்காம அவரோட தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லியாச்சு, அவ டெய்லி ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி வீடியோ அனுப்புறா, அவங்களே மார்பை எடுத்துட்டாங்க நீ என்னத்த யோசிக்கிறன்னு. எம்ஆர்ஐ ஸ்கேன் தேதியை இவரு டெய்லி காலண்டர்ல செவப்பு பேனால வட்டம் போட்டு வச்சிருக்காரு, என்னமோ கேஸ் சிலிண்டர் புக் பண்ற தேதி மாதிரி. டாக்டர் ரூமுக்குள்ள கூட வரல, வெளிய பெஞ்சுலயே உட்கார்ந்துட்டாரு. நான்தான் வேணாம்னேன், இருந்தாலும் வந்திருக்கலாம்ல? இப்பல்லாம் நான் லைட்டை அணைச்சுட்டுதான் நைட்டி மாத்துறேன், பாப்பாவுக்கு பரீட்சைன்னு சொல்லி அவகூடவே படுத்துக்கிறேன், அது வேற விஷயம். சாப்ட்டியான்னு கேக்குற மனுஷன்கிட்ட என்னத்த மேடம் பேசுறது?

*

அன்புத் தங்கச்சிக்கு,

உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன். மூணு தடவையும் அந்த லைட்டுகிட்டதான் நின்னேன். மாமியாரைப் பத்தியும் நாத்தனாரைப் பத்தியும் அவ்ளோ எழுதிட்டு, இருட்டுல துணி மாத்துறதை மட்டும் "வேற விஷயம்"னு ஒதுக்கிட்டீங்களே. எனக்கு அதுதான்மா பெருசா தெரியுது. மார்பை எடுத்துட்டா இவரு நம்மளை எப்படிப் பார்ப்பாருன்னு பயம். அந்தக் கேள்வியை அவர்கிட்ட ஒரு தடவைகூட கேக்கல, ஆனா பதிலை நீங்களே எழுதிக்கிட்டு ரூம் மாறிப் படுத்தாச்சு.

கொஞ்சம் கோவம் வரும், பரவால்ல, சொல்றேன். உள்ள வராதேன்னது நீங்க, வரலைன்னு வருத்தப்படுறதும் நீங்க. பரீட்சைன்னு சொன்னதும் நீங்கதான். அவரு பக்கமும் தப்பு இருக்கு, உங்க உடம்பு விஷயத்தை உங்களைக் கேக்காம தங்கச்சிகிட்ட சொன்னது தப்பு, அம்மா பேசும்போது சும்மா உட்கார்ந்திருந்தது அதைவிடத் தப்பு, அதை முகத்துக்கு நேராவே கேளுங்க. ஆனா அந்த செவப்பு வட்டத்தை மட்டும் கேஸ் சிலிண்டர்கூட சேர்க்காதீங்க. பயத்தைப் பேசத் தெரியாத ஆம்பளைங்க நிறைய பேரைப் பார்த்திருக்கேன், பேனாவும் சாப்பாடும்தான் அவங்களுக்குத் தெரிஞ்ச பாஷை. உங்களுக்கு அது பத்தாது, அதையும் அவர்கிட்ட சொல்லித்தானே ஆகணும்?

இந்தப் பயத்துல இன்னொண்ணு மறைஞ்சு போச்சு. லெட்டர் முழுக்க மார்புதான், ஓவரி பெரியம்மாவோட முடிஞ்சுது. இந்த ஜீன்ல கோளாறு இருக்கிற பொம்பளைங்கள்ல நூத்துக்கு 60 பேருக்கு மேல வாழ்நாள்ல மார்பு கேன்சர் வருதுங்கிறது நிஜம், ஆனா அதுக்கு வருஷா வருஷம் எம்ஆர்ஐ, மார்பு எக்ஸ்ரே எடுக்கிற மேமோகிராம்னு கண்காணிக்க வழி இருக்கு. ஆபரேஷன் உங்க இஷ்டம், கட்டாயம் இல்ல. மார்பு கேன்சர் வர 87 சதவீதம் வாய்ப்புன்னு ஜோலி 2013ல சொன்னது அவங்களுக்கு அவங்க டாக்டர் போட்ட கணக்கு, நாத்தனார் அனுப்பினா உங்க கணக்கு ஆகிடாது. ஓவரி அப்படி இல்லம்மா, சீக்கிரமே கண்டுபிடிக்க நம்பகமான டெஸ்ட் கிடையாது, அதனாலதான் பிஆர்சிஏ 1 கோளாறு இருக்கிறவங்களுக்கு குழந்தை பெத்து முடிச்சதும் 35லிருந்து 40க்குள்ள ஓவரியையும் கருக்குழாயையும் எடுத்துடச் சொல்றாங்க. உங்களுக்கு 36. எடுத்தா மாதவிடாய் சட்டுனு நின்னுடும், உடம்பு திடீர்னு கொதிக்கும், தூக்கம் கெடும், புருஷன் பொண்டாட்டி நெருக்கத்துலயும் மாற்றம் வரும், மருந்து மாத்திரை பத்தி டாக்டர்கிட்ட பேசலாம். ரெண்டாவது குழந்தை வேணுமாங்கிறதும் இதுக்கு முன்னாடியே முடிவாகணும். இதையெல்லாம் ஒரு ஆளு இருட்டுல தனியா உட்கார்ந்து முடிவு பண்ண முடியுமா சொல்லுங்க.

மாமியார் பேச்சுக்கு ஒண்ணே ஒண்ணு. இந்த ஜீன் கோளாறு அப்பா வழியாவும் வரும், அம்மா வழியாவும் வரும், பையனோ பொண்ணோ ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, யாரும் ஒளிச்சு வச்சுக் கட்டிக் குடுத்த சீர் இல்ல. கூடப்பிறந்தவங்க இருந்தா, தம்பியா இருந்தாலும் சொல்லிடுங்க. பாப்பாவுக்கு இப்போ டெஸ்ட் வேணாம், வளர்ந்து அவளே முடிவு பண்ணட்டும். அவ பக்கத்துல ஒளிஞ்சு படுக்கிறதை மட்டும் நிறுத்துங்க, அம்மா ஏன் இங்க வந்துட்டான்னு பதினோரு வயசுப் பொண்ணுக்குப் புரியாமலா இருக்கும்?

இன்னிக்கு ராத்திரி அவ தூங்கினதும் உங்க ரூமுக்குப் போங்க. "எடுத்துட்டா என்னைப் பார்க்க உனக்கு ஒரு மாதிரி இருக்குமா"ன்னு கேளுங்க. அவரு உடனே பதில் சொல்லாம இருக்கலாம், அழலாம், மறுபடியும் சாப்ட்டியான்னுகூட கேக்கலாம். எழுந்து போயிடாதீங்க. அந்த வட்டம் போட்ட தேதிக்கு ரெண்டு பேரும் போங்க, இந்தத் தடவை அவருக்கு வெளிய பெஞ்சு கிடையாது, ஓவரி பத்தி டாக்டர் பேசும்போது உங்க பக்கத்து சேர்ல உட்காரட்டும்.