மனித உரிமைச் செயற்பாட்டாளர்களுக்கான வெளிநாட்டுப் பயிற்சிகள்: கிழக்கு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் களப்பணியாற்றும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள், மற்றவர்களுக்கும் பயன்படக்கூடியவற்றைத் தெரிந்தெடுத்துப் பதிலளித்திருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்துள்ளேன்.

கேள்வி: மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமொன்றின் செயலாளராக இருக்கிறேன். உயர்தரத்துக்கு மேல் படிக்கவில்லை. இத்தகைய பயிற்சிகளுக்குப் பட்டதாரிகள் மட்டும்தான் விண்ணப்பிக்கலாமா? (வாகரை)

பதில்: இல்லை. 1998 டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைக் காவலர் பிரகடனம், மனித உரிமைகளைப் பாதுகாக்கப் பாடுபடும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. அதற்குப் பட்டமோ பதவியோ நிபந்தனை அல்ல. உங்களுக்கு முதலில் நான் காட்டுவது, ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகம் 2005 முதல் ஜெனீவாவில் நடத்திவரும் சிறுபான்மையினருக்கான புலமைப்பரிசில் பயிற்சியையே. இன, மத, மொழிச் சிறுபான்மையைச் சேர்ந்தவராக இருப்பதும், உங்கள் அமைப்பு உங்களை முன்மொழிவதும், பயிற்சி மொழியில் பேசவும் வாசிக்கவும் முடிவதும் அதில் முக்கியமாகப் பார்க்கப்படுகின்றன. கனடாவின் எக்குவிட்டாஸ் நிறுவனம் மொன்றியலில் நடத்தும் சில வாரப் பயிற்சி, மனித உரிமைக் கல்வியில் ஈடுபடுவோருக்கு உரியது. நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1989 முதல் நடத்தும் பயிற்சியோ ஏறத்தாழ நான்கு மாதங்கள் நீடிப்பது. பல்கலைக்கழக வகுப்புகளிலும் அமர வேண்டியிருப்பதால் ஆங்கில வாசிப்புச் சுமை அதிகம். பிள்ளைகளை விட்டு நீண்ட காலம் செல்ல முடியாது என்று எழுதியிருக்கும் உங்களுக்கு, முதல் இரண்டில் ஒன்றே பொருத்தமாகும்.

கேள்வி: மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்தரைப் பிரச்சினையில் பண்ணையாளர்களுடன் வேலை செய்கிறேன். என் விண்ணப்பம் தொடர்ந்து நிராகரிக்கப்படுகிறது. வரைவை இணைத்துள்ளேன், குறை எங்கே? (செங்கலடி)

பதில்: உங்கள் வரைவைக் கவனமாக வாசித்தேன். முதற் பக்கம் முழுவதும் இனப்பிரச்சினையின் வரலாறாக இருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிவுக் குழு வேறு பல விண்ணப்பங்களிலும் வாசித்திருக்கும். ஆனால் நான்காம் பந்தியின் நடுவில், ஏதோ சிறு விடயம் போல ஒரே வரியில் கடந்துபோகிறீர்கள்: மாடு வெட்டப்பட்ட பண்ணையாளர் ஒருவரைப் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்துச் சென்றீர்கள், அவருக்கு விளங்காத சிங்களத்தில் எழுதப்பட்ட முறைப்பாட்டில் கையொப்பமிட வேண்டாம் என்று தடுத்தீர்கள், தமிழில் எழுதப்படும் வரை மாலை வரைக்கும் அங்கேயே இருந்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொண்டே திரும்பினீர்கள். இதுதான் உங்கள் விண்ணப்பத்தின் முதற் பந்தியாக இருக்க வேண்டும். அந்த நாள் எது, பிறகு எத்தனை பண்ணையாளர்கள் அவ்வாறே முறைப்பாடு செய்ய முன்வந்தார்கள், எந்தக் கட்டத்தில் உங்களால் மேற்கொண்டு நகர முடியாமற் போனது என்று எழுதுங்கள்.

அந்தக் கடைசிக் கேள்விக்கான விடைதான் பயிற்சி உங்களுக்கு ஏன் வேண்டும் என்பதையும் சொல்லும். “என் அறிவை வளர்த்துக்கொள்ள” என்று நீங்கள் எழுதியிருப்பது எவருக்கும் பொருந்தும் வாசகம். இலங்கை, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை 1980இலும், தனிநபர் முறைப்பாட்டுக்கு வழிவிடும் அதன் விருப்ப நெறிமுறையை 1997இலும் ஏற்றுக்கொண்டது. அந்த வழியையும், குறித்த உரிமைகளை ஆராய்ந்து அறிக்கையிட ஐ.நா. நியமிக்கும் சுயாதீன நிபுணர்களான விசேட அறிக்கையாளர்களுக்கு முறைப்பாடு அனுப்பும் வழியையும் கற்றுக்கொண்டு, ஊர் திரும்பியதும் பண்ணையாளர் சங்கத்தில் யாருக்கு, எத்தனை அமர்வுகளில், எதைச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று எழுதினால் வாசிப்பவருக்கு நம்பிக்கை பிறக்கும். திரும்பி வந்து என்ன செய்வீர்கள் என்பதற்கு இப்பயிற்சிகள் அனைத்தும் பெரும் இடம் கொடுக்கின்றன. நீங்களோ அதற்கு இரண்டு வரிகளே ஒதுக்கியிருக்கிறீர்கள்.

கேள்வி: காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் தந்த சத்தியக்கடதாசிகளை விண்ணப்பத்துடன் இணைக்கலாமா? (திருக்கோவில்)

பதில்: இணைக்க வேண்டாம். அந்தத் தாய்மார் உங்களை நம்பி அவற்றைத் தந்தது பிள்ளைகளைத் தேடுவதற்காக. உங்கள் தெரிவுக்காக அல்ல. தெரிவுக் குழுவும் அவற்றைக் கேட்பதில்லை. பெயர், ஊர், கிராம சேவகர் பிரிவு ஆகிய எதுவும் இல்லாமல் ஒரு சம்பவத்தைச் சுருக்கமாக எழுதினாலே போதும். அப்படி எழுதுவதற்கும் அந்தத் தாயிடம் சம்மதம் கேளுங்கள். எங்கே அனுப்புகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சிறிய கிராமத்தில் தந்தையின் தொழிலும் மகனின் வயதும் சேர்ந்தாலே ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பயணம் போகும்போது இந்த ஆவணங்களின் படங்கள் உங்கள் தொலைபேசியில் இருக்கக் கூடாது.

கேள்வி: ஒரு முகவர் பணம் கேட்கிறார், இடம் நிச்சயம் என்கிறார். (கல்முனை)

பதில்: கொடுக்காதீர்கள். மேலே சொன்ன எந்தப் பயிற்சிக்கும் முகவர் தேவையில்லை. விண்ணப்பதாரரே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: நான் மௌலவி. அரபு நன்றாகத் தெரியும், ஆங்கிலம் குறைவு. வழி உண்டா? (அக்கரைப்பற்று)

பதில்: உண்டு. நான் குறிப்பிட்ட ஜெனீவாப் பயிற்சி ஆங்கிலத்தில் மட்டுமன்றி, அரபு மொழிப் பிரிவாகவும் நடந்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அழைப்பு வெளியாகும்போது எந்த மொழிகள் குறிக்கப்பட்டுள்ளன என்று பார்த்து விண்ணப்பியுங்கள்.

கேள்வி: நினைவேந்தலொன்றை ஏற்பாடு செய்த பிறகு, புலனாய்வாளர்கள் வீட்டுக்கு வந்து விசாரிக்கிறார்கள். பயிற்சியொன்றுக்குப் போய்விடலாமா என்று நினைக்கிறேன். (மட்டக்களப்பு)

பதில்: உங்களுக்குத் தேவைப்படுவது வேறு வகை ஏற்பாடு. ஆபத்திலுள்ள செயற்பாட்டாளர்களுக்கென்றே இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகம் ஒரு பாதுகாப்புப் புலமைப்பரிசிலை நடத்துகிறது. நெதர்லாந்தின் ஷெல்டர் சிட்டி திட்டம் மூன்று மாதம் தங்க வைக்கிறது. இரண்டும் ஓய்வுக்கும் கற்றலுக்கும் பின் நாடு திரும்புவோருக்கானவை. புகலிடக் கோரிக்கைக்கான வழியாக அவற்றைக் கருத வேண்டாம். தெரிவுக்கு மாதங்கள் செல்லக்கூடும் என்பதால், அவசர உதவிக்கு டப்ளினில் இயங்கும் ஃபிரண்ட் லைன் டிஃபென்டர்ஸ் அமைப்பை நாடுங்கள்.

இங்கே செய்ய வேண்டியதையும் தள்ளிப்போடாதீர்கள். வந்தவர்கள் எத்தனை பேர், எந்த நேரம், என்ன கேட்டார்கள், எந்த இலக்க வாகனம் என்பவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள். உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்ய அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாத அவகாசமே தருகிறது. ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், ஆணைக்குழு அதை விசாரிக்கும் காலம் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி அந்த அவகாசத்தில் சேராது. ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. முறைப்பாட்டு இலக்கத்தைக் கட்டாயம் கேட்டு வாங்கி, முறைப்பாட்டின் பிரதியொன்றை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பாதுகாப்புப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கும்போது உங்களுக்கு நேர்ந்ததை அதைக் காட்டி உறுதிப்படுத்தலாம்.