117ஆம் தனிமமும் மேனேஜ்மென்ட் சீட்டும்

அம்மா, பிளஸ் டூ முடிக்கும் மகள் செயற்கைத் தனிமங்களைப் பற்றியே பேசுகிறாள், வேதியியல்தான் படிப்பேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அண்ணனோ கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்துவிட்டார். அதற்கு நிலத்தை அடமானம் வைக்க வேண்டும். "ஒரு நொடிகூட நிலைக்காத அணுவைப் படித்தால் யார் சோறு போடுவார்கள்?" என்கிறார்.

கவலை நியாயம்தான். ஆனால் அடமானம் வேண்டவே வேண்டாம். அவளே வேண்டாம் என்கிற படிப்புக்கு எதற்குக் கடன்?

அவளுக்குப் பிடித்த 117ஆம் தனிமமான டென்னசைனையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், அணு உலைக்குள் மாதக்கணக்கில் வைத்து பெர்க்கிலியம்-249 என்ற கதிரியக்கத் தனிமத்தை உண்டாக்கினார்கள். மற்ற கதிரியக்கப் பொருள்களிலிருந்து அதைப் பிரித்துச் சுத்தம் செய்யவே 90 நாள். கிடைத்தது 22 மில்லிகிராம். அதிலும் ஒரு வருடத்துக்குள் பாதி சிதைந்துவிடும். அவசரமாக ரஷ்யாவின் துப்னா ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, அதன்மேல் கால்சியம்-48 அணுக்கருக்களை மோதவிட்டார்கள். இப்படி உண்டானதாக 2010இல் அறிவித்தது ஆறே ஆறு டென்னசைன் அணுக்கள். 2014இல் ஜெர்மனியில் இதை உறுதிசெய்த குழுவில் கொல்கத்தா சாகா அணு இயற்பியல் நிறுவனத்தாரும் ஐ.ஐ.டி. ரூர்க்கியினரும் இருந்தார்கள்.

அந்த 90 நாள் வேலைக்குப் பெயர் கதிரியக்க வேதியியல். நம் வீடுகளில் யாரும் பேசாத துறை. புதுத் தனிமம் உண்டாக்கும் வேலை இந்தியாவில் கிடைக்காது, அதை அவளிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். ஆனால் அந்தக் கைத்திறனுக்கு இங்கே வேலை உண்டு. கல்பாக்கத்தில் எரிந்த அணு எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரிப்பதும் அதே வேதியியல். ஆஸ்பத்திரி ஸ்கேனுக்குப் போகும் கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதற்குள் மருந்தோடு சேர்த்து, தரம் பார்த்து, நோயாளிக்குப் போட வேண்டும்.

வழி இதுதான். நெஸ்ட் என்ற அறிவியல் நுழைவுத் தேர்வை எழுதட்டும். புவனேசுவரம் நைசர், மும்பை சி.இ.பி.எஸ். என்ற அறிவியல் கல்வி நிறுவனங்களில் ஒன்றில் ஐந்து வருட எம்.எஸ்சி. கிடைக்கும். கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், செலவு மிகக் குறைவு. அப்புறம் எம்.எஸ்சி. முடித்து பாபா அணு ஆராய்ச்சி மையப் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை. நன்றாக முடித்தால் விஞ்ஞானி வேலை. போட்டி கடுமை. கணக்கையும் இயற்பியலையும் அவள் விடவே கூடாது.

அண்ணனிடம் நீங்களே பேசுங்கள், மகளைப் பேச வைக்காதீர்கள். சீட்டுக்கு முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம் என்பதை இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.