சின்ன கடைக்கு வெப்சைட் போட்டும் கூகுள்ல வரவே மாட்டேங்குது, எஸ்இஓக்கு மாசாமாசம் காசு கொடுக்கணுமா?

எஸ்இஓன்னா கூகுள் தேடல்ல சைட்ட மேல கொண்டு வர்ற வேலை. அதுக்குக் காசு கொடுக்கலாம், ஆனா இப்ப வேண்டாம். முதல்ல உங்க சைட்ட கண்ணு தெரியாத ஒருத்தர்ட்ட குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. வெளையாட்டுக்குச் சொல்லல, எங்க மாமா கடை கதைய கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

மாமாவுக்கு திருநெல்வேலி டவுன்ல ரதவீதி பக்கம் பாய்க்கடை. பத்தமடைப் பாய்தான் அங்க விசேஷம், கல்யாணத்துக்கு பொண்ணு மாப்ள பேர் போட்டு பட்டுப்பாய் கேட்டா பத்தமடைல நெய்யுதவங்ககிட்ட சொல்லி வாங்கித் தருவாரு. தெரிஞ்ச பையன்ட்ட சொல்லி வெப்சைட் போட்டாரு, பாக்க ஜோராத்தான் இருந்துச்சு, வெள்ளை மேல தங்கக் கலர்ல எழுத்து, பின்னால தாமிரபரணி ஓடுது. ஒரு வருசம் ஆச்சு, அதப் பாத்து ஒரு போன் வரல. "ஏல மருமவனே, கம்ப்யூட்டர் படிச்சவன்லா நீ, என்னன்னு பாருல"ன்னாரு. நானும் பாத்தேன், எனக்கு ஒண்ணும் தப்பா தெரியல.

என்கூட காலேஜ்ல படிச்ச பயல் ஒருத்தன், பார்வை கிடையாது, பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளில படிச்சு வந்தவன். போன்ல டாக்பேக், அதாவது திரைல இருக்கறத வாசிச்சுச் சொல்ற வசதி, அதப் போட்டு என்னைவிட வேகமா மெசேஜ் அனுப்புவான். சும்மா பேச்சுவாக்குல அவன்ட்ட லிங்க அனுப்பினேன். தெறந்தான், போன் "படம்"னு சொல்லிச்சு, பொறவு "இணைப்பு, இணைப்பு", அவ்வளவுதான். "என்னல, கடையவே காணும்?"ங்கான்.

அப்பதான் வெளங்குச்சு. மொத்த முகப்புப் பக்கமும் ஒரே போஸ்டர் படம். கடை பேரு, விலாசம், போன் நம்பர் எல்லாம் படத்துக்குள்ள, ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்துல என்ன இருக்குன்னு பின்னால எழுதி வைக்கற குறிப்பு, ஒரு வார்த்தை கூட கிடையாது. அடுத்த பக்கத்துல விலைப்பட்டியல் எழுத்தாத்தான் இருந்துச்சு, ஆனா பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சத அப்படியே ஒட்டியிருக்கான். பாமினில பத்தமடைன்னு அடிச்சா உள்ள கெடக்கறது இங்கிலீஷ் கீபோர்டு எழுத்து, ஜி, ஜே, செமிகோலன், ஜே, கே, ஐ, எல். ஃபான்ட் அதுக்கு மேல தமிழ்ச் சட்டை மாட்டி விடுது, நம்ம கண்ணு ஏமாந்துரும், டாக்பேக் ஏமாறாது, கூகுளும் ஏமாறாது. யாராவது "பத்தமடை பாய்"னு யூனிகோடுல, அதாவது இப்ப எல்லா போன்லயும் அடிக்கற தமிழ்ல, தேடினா இந்தப் பக்கம் எப்படிவே வரும்?

அதுக்கும் மேல ஒரு கூத்து. சைட் கட்டுற வேர்ட்பிரஸ்ல செட்டிங்ஸ், ரீடிங் போனா கீழ ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், தேடுபொறிகள் இந்த சைட்ட எடுக்க வேண்டாம்னு சொல்றதுக்கு. வேலை நடக்கும்போது டிக் பண்ணி வச்சவன் முடிச்ச பொறவு எடுக்கவே இல்ல. கதவுல பூட்டத் தொங்கவிட்டுட்டு ஆள் வரலியேன்னு ஒரு வருசம் உக்காந்திருக்கோம். கூகுள்ல சைட்னு (site) இங்கிலீஷ்ல போட்டு ஒரு கோலன், இடைவெளி விடாம உங்க முகவரி, தேடிப் பாருங்க. ஒண்ணுமே வரலேன்னா அந்த டிக்கத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

சரி பண்ணது பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் யூனிகோடுல திரும்ப அடிச்சோம், போன் நம்பர தொட்டா கால் போற மாதிரி வச்சோம், "ஹோம்"னு இருந்த டைட்டில "பத்தமடை கல்யாணப் பாய், பேர் போட்டு நெய்து தரப்படும், திருநெல்வேலி டவுன்"னு மாத்தினோம். தங்கக் கலருக்குப் பதிலா கறுப்பு. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைஞ்சது 4.5-க்கு 1 இருக்கணும்னு வெப் அணுகல் விதில இருக்கு, ஆனா விதி கிடக்கட்டும், ஜங்ஷன்ல மத்தியான வெயில்ல நின்னு போனப் பாத்தா அந்தத் தங்க எழுத்து மாமாவுக்கே தெரியாது.

ரொம்ப உதவினது வேற. ஒரு சனிக்கிழமை பூரா கடைல உக்காந்து போன்ல சனங்க என்ன கேக்காங்கன்னு நோட்டுல எழுதினேன். கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்ன சொல்லணும், மடிக்கலாமா சுருட்டித்தான் வைக்கணுமா, கோரைப் பாய்க்கும் பட்டுப்பாய்க்கும் என்ன வித்தியாசம், மெட்ராஸுக்கு அனுப்புவீங்களா. அந்தக் கேள்விய அப்படியே தலைப்பா வச்சு மாமா சொன்ன பதிலையே கீழ போட்டோம். பத்தமடைய இங்கிலீஷ்ல ஆளுக்கொரு மாதிரி எழுதுதாங்க, டபுள் டி போடுதவங்க உண்டு, டிஎச் போடுதவங்க உண்டு, அதனால ரெண்டும் ஒவ்வொரு எடத்துல வர்ற மாதிரி பாத்துக்கிட்டோம். சும்மா நூறு தடவ திணிக்கல.

இன்னொண்ணு, "மெட்டா கீவேர்டு போட்டுத் தாரேன்"னு ஒரு ஆள் மாமாட்ட தனியா காசு கேட்டான். அது பக்கத்துக்குள்ள மறைவா எழுதி வைக்கற தேடல் வார்த்தை, அத ரேங்கிங்குக்கு எடுக்கறதே இல்லன்னு கூகுள் 2009லயே சொல்லிருச்சு. முதல் இடம் கேரண்டின்னு சொல்றவங்களையும் நம்பாதீங்க, அந்த கேரண்டிய யாராலயும் தர முடியாதுன்னும் கூகுளே சொல்லுது. இதெல்லாம் முடிச்ச பொறவும் போட்டி பலமா இருந்தா அப்ப ஆள் வைங்க, தப்பில்ல.

இப்ப எங்களுக்கு வாரத்துக்கு ரெண்டு மூணு போன் வருது, கல்யாண சீசன்ல கூடும். அந்தப் பயல் திரும்பப் படிச்சுட்டு ஒரே ஒரு குறை சொன்னான், கீழ பச்சையா இருக்கற வாட்ஸ்அப் பட்டன் இன்னும் வெறும் "பட்டன்"னுதான் பேசுதாம். ஞாயித்துக்கிழமை உக்காந்து பேர் வைக்கணும்.