லாக் உள்ள பிராக்கெட் போட்டால் ஆபீஸ் சுவர் மேசையும் அலமாரியும் கூடுதல் பாரம் தாங்குமா?

தாங்காது. துளை வரிசையுள்ள நீள உலோகப் பட்டையை, அதாவது சேனலைச் சுவரில் முடுக்கி, பல் வைத்த பிராக்கெட்டை அதில் மாட்டும் வகையைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் பாரத்தைத் தாங்குபவை பல், சேனல், கடைசியில் சுவருக்குள் இருக்கும் ஸ்க்ரூ. பிராக்கெட் மேலே எழும்பிக் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் லாக்கின் வேலை.

மேசையை யார் மேலே தூக்கப் போகிறார்கள் என்று தோன்றும். நாற்காலியின் கைப்பிடி மேசைக்கு அடியில் இருக்கும்போது ஆள் எழுந்து, லீவரிலும் கை பட்டால் நாற்காலி உயர்ந்து பலகையை முட்டும். கால் மேல் கால் போடும்போது முழங்கால் இடிக்கும். முன் விளிம்பு சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருப்பதால் அங்கே கொடுக்கும் சின்ன நெம்பலே பல்லைத் துளையிலிருந்து கிளப்பிவிடும்.

பலகையை பிராக்கெட்டோடு ஸ்க்ரூ போட்டு இணைக்காமல் சும்மா வைத்திருந்தால், முட்டும்போது பலகை மட்டும் எழும்பும், பிராக்கெட் அப்படியே நிற்கும். லாக் இருந்தும் பயனில்லை. இணைத்துவிட்டால் பலகையோடு பிராக்கெட்டும் எழும்பப் பார்க்கும், அங்கேதான் லாக் தேவை. ஆகவே இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். 18 மி.மீ. பலகைக்கு 16 மி.மீ. நீள ஸ்க்ரூ போதும். 20 போட்டால் மேலே முனை எட்டிப்பார்க்கும்.

லாக் மூன்று விதமாக வரும். மேல் பல்லுக்கு மேலே மிச்சமிருக்கும் துளை இடைவெளியில் சொருகும் பிளாஸ்டிக் கிளிப், பிராக்கெட்டிலேயே உள்ள ஸ்பிரிங் நாக்கு, சேனலோடு சேர்த்து முடுக்கும் ஸ்க்ரூ. மேசைக்கு ஸ்க்ரூ வகைதான் என் தேர்வு. அடிக்கடி உயரம் மாற்றும் அலமாரிக்கு கிளிப் போதும், ஆனால் மாற்றும்போது கழற்றிய கிளிப்பைத் திரும்பப் போட யாருக்கும் ஞாபகம் இருக்காது.

லாக் ஏறவில்லை என்றால் அதைச் சுத்தியலால் தட்டாதீர்கள். பல் முழுதாக உட்காரவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் துளை ஓரத்தில் பவுடர் கோட்டிங் கட்டியாக நிற்கும். அதைச் சுரண்டிவிட்டு, பிராக்கெட்டை மேலிருந்து ரப்பர் சுத்தியலால் சுவரை ஒட்டித் தட்டினால் இறங்கும். ஒரு கம்பெனி சேனலில் இன்னொரு கம்பெனி பிராக்கெட்டையும் மாட்டாதீர்கள். துளை இடைவெளி ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒரு பல் மட்டும் தாங்கி மற்றது சும்மா தொங்கும்.

இனி பாரக் கணக்கு. 500 தாள் ஏ4, 80 ஜிஎஸ்எம், 2.5 கிலோ. அட்டையோடு ஒரு தடித்த ஃபைல் சுமார் 3 கிலோ. 90 செ.மீ. அலமாரியில் 11 ஃபைல் அடுக்கலாம், கிட்டத்தட்ட 33 கிலோ. மூன்று தட்டுக்கு 100 கிலோ. மேசையில் எடையைவிட ஆழம்தான் வில்லன்: 60 செ.மீ. மேசையின் முன் விளிம்பில் 70 கிலோ ஆள் ஏறி உட்கார்ந்தால், பிராக்கெட்டின் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் 10 செ.மீ. இடைவெளி என்றால், மேல் பல்லை வெளியே இழுக்கும் விசை மொத்தம் 420 கிலோ அளவுக்கு வரும். இரண்டு பிராக்கெட் என்றால் தலா 210. பல் இடைவெளி 20 செ.மீ. ஆனால் அது பாதியாகும். கடையில் லாக்கைப் பார்ப்பதற்கு முன் பிராக்கெட்டின் பின்பக்க உயரத்தைப் பாருங்கள். சேனலில் மேல் பல் வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்க்ரூ இருக்க வேண்டும்.

செங்கல் சுவரில் 12 முதல் 15 மி.மீ. வரை பூச்சு. ஸ்க்ரூ பிடிப்பதற்காகத் துளைக்குள் செருகும் உறைதான் பிளக். 30 மி.மீ. பிளக்கில் பாதி பூச்சிலேயே போய்விடும், அது எதையும் பிடிக்காது. பிளக் முழுக்கச் செங்கலுக்குள் இருக்கும்படி நீளமானதை வாங்குங்கள். துளையை பிளக்கைவிட 10 மி.மீ. ஆழமாகப் போட்டு, தூசியை ஊதி வெளியேற்றுங்கள். ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல்) என்றால் டிரில்லில் ஹாமரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் துளை அகன்றுவிடும். விரியும் இரும்பு போல்ட்டும் அதில் வேண்டாம், உள்ளே பிளாக்கையே நொறுக்கிவிடும். ஏஏசிக்கென்று விற்கும் நீள நைலான் பிளக்தான் சரி. ஜிப்சம் பார்ட்டிஷனில் போர்டு அடிக்கும் முன்பே சேனல் வரும் இடத்தில் 18 மி.மீ. பிளைவுட்டை உள்ளே வைத்துவிடச் சொல்லுங்கள். பார்ட்டிஷன் ஏற்கனவே முடிந்துவிட்டதா? மேசைக்குத் தரைவரை கால் கொடுங்கள், சுவரை நம்ப வேண்டாம்.

முதல் சேனலின் மேல் ஸ்க்ரூவை மட்டும் லேசாகப் போட்டு, தூக்குக்குண்டால் நேர் பார்த்து மற்றதை முடுக்குங்கள். இரண்டாவதற்கு, இரண்டு சேனலிலும் மேலிருந்து ஒரே எண்ணுள்ள துளையில் பிராக்கெட்டை மாட்டி, மேலே பலகை வைத்து ரசமட்டம் பாருங்கள். வெட்டிய சேனல் என்றால் வெட்டாத முனைகளை மேல்பக்கம் வையுங்கள், இல்லையேல் துளைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. பூச்சு பள்ளமாக இருக்கும் இடத்தில் சேனலுக்குப் பின்னால் பேக்கிங் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய துண்டு) வையுங்கள். வைக்காமல் இறுக்கினால் சேனல் வளைந்து, பல் கோணலாக உட்காரும். 90 செ.மீ. அலமாரிக்குச் சேனல் இடைவெளி 60 செ.மீ., இரு பக்கமும் 15 செ.மீ. நீட்டல்.

மடக்கு மேசை பிராக்கெட் வேறு கதை. அதில் பாரம் லாக் வழியாகவே போகிறது, லாக் நழுவினால் மேசை விழும். விரித்ததும் இரண்டு பக்கமும் ‘டக்’ சத்தம் கேட்டதா என்று கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் பிராக்கெட்டுகள் இணையாக இல்லை. டப்பாவில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் ஒரு ஜோடிக்கு, அதுவும் சமமாகப் பரப்பி வைத்தால்.

எல்லாம் முடிந்ததும் முன் விளிம்பைக் கீழிருந்து இரு கையாலும் அழுத்தித் தள்ளிப் பாருங்கள், பிராக்கெட் அசையக் கூடாது. பாரத்தை ஏற்றி ஒரு வாரம் கழித்து, சேனலின் மேல் முனைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். முதல் நாள் போகாத தாள் இப்போது போகிறது என்றால் பிளக் வெளியே வந்துகொண்டிருக்கிறது. பாரத்தை இறக்கிவிட்டு வேறு துளை போடுங்கள்.