சொன்னது ஒன்று, கேட்டது ஒன்று

அன்புள்ள ஆசிரியருக்கு,

விமான விபத்துகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், விமானிக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் இடையே நேரும் பேச்சுக் குழப்பத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். கைப்பேசியில் நொடியில் செய்தி போகிற காலத்தில், இவர்கள் ஏன் இன்னும் கரகரக்கும் ரேடியோவில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்? எல்லாரும் ஒழுங்காக ஆங்கிலம் கற்றுக்கொண்டாலே பாதி விபத்துகள் குறையாதா?

அன்புடன்,
கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

ஆங்கிலத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். விபத்து நடந்த மறுநாளே எல்லார் வாயிலும் வருகிற காரணம் அது, பழிபோடவும் வசதியானது.

1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவின் ஏவியாங்கா விமானம் ஒன்று நியூயார்க் நோக்கி வந்துகொண்டிருந்தது. மோசமான வானிலை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அதை வானிலேயே வட்டமடிக்க வைத்தார்கள். முதல் முறை இறங்க முயன்று முடியாமல் மேலேறியபோது, தலைமை விமானி தன் துணை விமானியிடம் ஸ்பானிஷில் 'அவசரநிலை என்று சொல்' என்கிறார். துணை விமானியோ, திரும்ப வேண்டிய திசையை ரேடியோவில் ஒப்பித்துவிட்டு, வாக்கியத்தின் வாலில் 'எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது' என்று ஒட்டவைக்கிறார். காத்திருக்கும் எந்த விமானமும் சொல்லக்கூடிய வாசகம்தானே அது! சற்று நேரம் கழித்துக் கட்டுப்பாட்டாளர், பதினைந்து மைல் தள்ளிக் கொண்டுபோய்த் திருப்பிவிடுகிறேன், உங்கள் எரிபொருளுக்கு அது சரிப்படுமா என்று கேட்கவே செய்தார். 'சரிப்படும் என்று நினைக்கிறேன், மிக்க நன்றி' என்று பதில் போனது. சில நிமிடங்களில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

அந்தப் பதிலில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. அவரைக் கெடுத்தது பணிவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சர்வதேச விமானங்களில் ரேடியோவில் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் ஆறு நிலைகளில் நான்காவதையாவது எட்டியிருக்க வேண்டும் என்று பிற்பாடு விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் மறுத்துப் பேசும் துணிவை எந்த மொழித் தேர்வு அளக்கும்?

ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் நடந்ததைப் பாருங்கள். 1977 மார்ச் 27, மூடுபனி, ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள்: நெதர்லாந்தின் கே.எல்.எம்., அமெரிக்காவின் பான் ஆம். கே.எல்.எம். விமானத்துக்குக் கிடைத்தது, மேலேறிய பிறகு எந்த வழியில் போக வேண்டும் என்ற அனுமதி மட்டுமே. புறப்படும் அனுமதி அதில் இல்லை. அதைத் திருப்பிச் சொல்லிய துணை விமானி, கடைசியில் 'இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்' என்பதுபோல ஒன்றைச் சேர்த்தார். புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று கோபுரம் புரிந்துகொண்டது. விமானம் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. 'ஓகே' என்றார் கட்டுப்பாட்டாளர். ஒரு சிறு இடைவெளி விட்டு, 'காத்திருங்கள், நான் அழைக்கிறேன்' என்றார். அதே நொடியில் பான் ஆம் விமானி, 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்று பேசினார். ஒரே அலைவரிசையில் இருவர் பேசியதால் இரண்டும் மோதி, கே.எல்.எம். விமானிகளின் காதில் கீச்சொலியாக விழுந்தது. அதற்கு முன்னால் வந்த 'ஓகே' மட்டும் தெளிவாகக் கேட்டது. கிளம்பத் துடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. பான் ஆம் அடுத்துச் சொன்னது, 'ஓடுபாதையை விட்டு விலகியதும் தெரிவிக்கிறோம்' என்பது, கே.எல்.எம். விமானிகளோடு உட்கார்ந்திருந்த விமானப் பொறியாளர் காதில் விழுந்தது. 'அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையா?' என்று தங்கள் தாய்மொழியான டச்சிலேயே கேட்டார். 'விலகிவிட்டதே!' என்று அழுத்தமாகச் சொன்னார் தலைமை விமானி. அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்த மூத்தவர் அவர். பொறியாளர் அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

உங்கள் முதல் கேள்விக்கும் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. பொது அலைவரிசை என்பதால்தான் மற்றொரு விமானத்துக்கான பேச்சு அந்தப் பொறியாளருக்கு எட்டியது. எழுத்துச் செய்தி பெறுபவரோடு முடிந்துவிடும். கடலுக்கு மேல் நீண்ட பயணத்தில் அதை இப்போதே பயன்படுத்துகிறார்கள். ஓடுபாதைக்கு அருகிலோ, கண் வெளியே இருக்க வேண்டிய நேரத்தில் திரையைப் படித்துப் பதில் அழுத்த முடியாது.

டெனெரிஃபுக்குப் பிறகு, 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்துசெய்யும்போதும் தவிர வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது என்றாயிற்று. கட்டளையை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், கட்டுப்பாட்டாளர் அதைச் சரிபார்க்க வேண்டும் என்ற முறையும் இருக்கிறது. ஆனால் அந்தச் சரிபார்ப்பும் காதால்தான் நடக்கிறது. 1989 பிப்ரவரியில் கோலாலம்பூரில் ஒரு சரக்கு விமானத்திடம் 2400 அடிக்கு இறங்கச் சொல்ல, 'டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார்கள். 'டூ' என்பது இரண்டு என்ற எண்ணாகக் கேட்கவில்லை, அதே ஒலியுள்ள, 'வரை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகக் கேட்டது. 400 அடிக்கு இறங்கச் சொல்வதாகப் பட்டது. விமானி 'ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றே திருப்பிச் சொன்னார். யாரும் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி, அதிலிருந்த நால்வரும் இறந்தார்கள்.

திருப்பிச் சொன்னது தப்பாக இருந்த கதை அது. சரியாகத் திருப்பிச் சொல்லியும் விபத்து நடந்தது டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், 2024 ஜனவரி 2 அன்று. நிலநடுக்க நிவாரணப் பொருள்களோடு கிளம்பவிருந்த கடலோரக் காவல்படை விமானத்திடம், 'நம்பர் ஒன்' என்று புறப்படும் வரிசை எண்ணைச் சொல்லி, ஓடுபாதைக்கு வெளியே காத்திருக்கும் இடம்வரை வரச் சொன்னார்கள். விமானி அதைப் பிசகாமல் திருப்பிச் சொன்னார். பிறகு ஓடுபாதைக்குள் போய் ஏறத்தாழ நாற்பது நொடிகள் நின்றார். புறப்பட அனுமதி கிடைத்துவிட்டதாகவே நம்பினார். பின்னால் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் அதன்மேல் மோதியது. பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் தப்பினார்கள். சிறிய விமானத்தின் ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள்.

விபத்துக்குப் பின் வரிசை எண் சொல்வதை அங்கே சிறிது காலம் நிறுத்தி வைத்தார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் செய்த இன்னொரு ஏற்பாடு. ஓடுபாதையில் விமானம் நுழைந்தால் எச்சரிக்கும் திரை கோபுரத்தில் முன்பே இருந்தது. அன்று யாரும் அதைக் கவனிக்கவில்லை. சில நாட்களிலேயே, அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதை மட்டுமே வேலையாகக் கொடுத்து ஒருவரைத் தனியாக உட்காரவைத்தார்கள். அவர் யாரிடமும் ரேடியோவில் பேச வேண்டியதில்லை.