நீலம் வெளுத்தால் விடாதீர்கள்! – வாசகர் கேள்வி பதில்

விமானம், மின்சாரம், செல்போன், அரசியல் என்று எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி விமானத்தைப் பற்றியவை, மீதி கரண்ட் பில்லைப் பற்றியவை. முப்பத்தொரு வருஷம் சப்ஸ்டேஷன்களில், அதாவது துணை மின்நிலையங்களில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எதைக் கேட்டாலும் அந்தக் கண்ணோடுதான் பதில் வரும்.

2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. பைலட்டுகளுக்கு ஓய்வு கொடுக்கும் புது விதிதான் காரணம் என்கிறார்கள். அப்படி ஒரு விதி அவசியமா அக்கா?
– ஒரு வாசகர், சேலம்

அவசியம் தம்பி. வாரத்துக்கு 36 மணி நேரமாக இருந்த தொடர் ஓய்வை 48 மணி நேரமாக்கினார்கள். ஒரு பைலட் ராத்திரியில் ஆறு முறை வரை தரையிறக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். இதில் எது அதிகம்?

ராத்திரி ஷிப்டில் மூன்று மணி என்று ஒரு நேரம் உண்டு. கண் மீட்டரைப் பார்க்கும், கை எழுதும், புத்தி எங்கேயோ இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 108 ஆம்பியரை லாக் புக்கில் 180 என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் இருந்த ஆபரேட்டர் பார்த்துத் திருத்தினார். எனக்குத் திருத்த ஒரு கோடு போதுமாக இருந்தது. நூற்றெண்பது பேரை வைத்துக்கொண்டு அதே மூன்று மணிக்கு ஓடுபாதையைத் தேடுகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

இந்த விதி திடீரென்று முளைத்ததும் இல்லை. 2024 ஜனவரியிலேயே அறிவித்தார்கள். பிறகு வழக்கு, இழுபறி. கடைசியில் 2025 ஜூலையில் ஒரு பகுதி, நவம்பர் 1-ல் மீதி என்று நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய இரண்டு வருஷம் கையில் இருந்தது. உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் நிறுவனம், அதற்குள் போதுமான பைலட்டுகளைச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. டிசம்பர் 5-ந்தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் நின்றன.

எனக்கு அதைவிடக் கோபம் அரசாங்கத்தின் மேல். கூட்டம் கூடியதும், இராப்பணி விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு பிப்ரவரி 10 வரை விலக்குக் கொடுத்துவிட்டார்கள். டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு வைத்தது சரி. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய். பத்து சதவீத சேவையைக் குறைக்கச் சொன்னதும் சரி. ஓய்வு விதியில் மட்டும் கை வைத்திருக்கக் கூடாது. நெருக்கடி வந்தால் பாதுகாப்பு விதி தளரும் என்று எல்லா நிறுவனத்துக்கும் அன்றைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம்.

எங்கள் ஊர் விமான நிலையம் எப்போதுதான் திறக்கும்?
– ஒரு வாசகர், வேலூர்

தேதி கேட்டு மனசைப் புண்படுத்திக்கொள்ளாதீர்கள். வேலூரும் நெய்வேலியும், சின்ன ஊர்களுக்கு மானியம் கொடுத்து விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் பேர் எழுதி வருஷக் கணக்காகக் காத்திருக்கின்றன. தணிக்கைத் துறை 2023-ல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தேன். அவர்கள் ஆராய்ந்த 774 வழித்தடங்களில் 371-ல்தான் விமானமே பறக்க ஆரம்பித்தது. மானியம் கிடைக்கும் மூன்று வருஷத்தை முழுசாக ஓட்டியது 112. அதற்குப் பிறகும் தாக்குப் பிடித்தது 54. ஓடுதளம் போடுவது சுலபம், தினமும் இருக்கை நிரம்புவதுதான் கஷ்டம். உங்கள் ஊருக்கு நான் கேட்பது சென்னைக்கும் பெங்களூருக்கும் இன்னும் இரண்டு ரயில்.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையமே ஒரு சப்ஸ்டேஷன் தீயால் ஒரு நாள் முழுக்க மூடிக் கிடந்ததே, அவ்வளவு பெரிய இடத்தில் மாற்று ஏற்பாடு இருக்காதா? நீங்கள் சப்ஸ்டேஷன்காரர் என்பதால் கேட்கிறேன்.
– ஒரு வாசகி, திருநெல்வேலி

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் அம்மா.

2025 மார்ச் 20-ந்தேதி ராத்திரி, நார்த் ஹைட் என்ற சப்ஸ்டேஷனில் டிரான்ஸ்ஃபார்மர் தீப்பிடித்தது. மறுநாள் ஹீத்ரோ மூடப்பட்டு 1,300 விமானங்கள் வரை பாதிக்கப்பட்டன. மாற்று ஏற்பாடு இருந்தது. ஹீத்ரோவுக்கு மூன்று இடங்களிலிருந்து மின்சாரம் வருகிறது. மற்ற இரண்டும் அன்றைக்கு நன்றாகவே இருந்தன. ஆனால் உள்ளே இருக்கும் லைன்களையெல்லாம் அந்த இரண்டுக்கும் மாற்றிப் போட்டு, ஒவ்வொரு கருவியையும் சரிபார்த்து எழுப்பப் பல மணி நேரம் ஆகும். ஒன்று போனால் மற்றது உடனே தாங்கும்படி அவர்கள் கட்டியிருக்கவில்லை.

தீக்குக் காரணம் என்ன தெரியுமா? ஈரம். டிரான்ஸ்ஃபார்மர் தலையில் வரிசையாகப் பீங்கான் அடுக்கு மாதிரி நிற்குமே, அதற்குப் புஷ்ஷிங் என்று பேர். அதில் ஒன்றுக்குள் ஈரம் ஏறியிருந்தது. விசாரணை அறிக்கையில் என்னைத் தூங்கவிடாமல் செய்த வரி இதுதான்: 2018 ஜூலையில் எடுத்த எண்ணெய் சாம்பிளிலேயே அந்த ஈரம் தெரிந்திருக்கிறது. அவ்வளவு ஈரம் இருந்தால் புஷ்ஷிங்கை மாற்ற வேண்டும் என்பது அவர்கள் விதிமுறையிலேயே இருக்கிறது. மாற்றவில்லை. ஏறக்குறைய ஏழு வருஷம்!

நான் முதன்முதலில் சப்ஸ்டேஷனில் கால் வைத்தபோது ஃபோர்மேன் ஒருவர் இருந்தார். கையெழுத்துப் போடும் முன் என்னை யார்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், டிரான்ஸ்ஃபார்மர் ஓரத்தில் தொங்கும் கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். "இது என்ன நிறம், சொல்லுங்க மேடம்." நீலம் என்றேன். "தினம் காலையில வந்ததும் இதைப் பாருங்க. அப்புறம் மத்த வேலை."

அதற்குப் பேர் ப்ரீதர். டிரான்ஸ்ஃபார்மருக்குள் எண்ணெய் இருக்கிறது. சூடானால் விரியும், ஆறினால் சுருங்கும். சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். காற்றோடு ஈரம் போய்விடக் கூடாது என்று வழியில் சிலிக்கா ஜெல் குருணையை வைத்திருப்பார்கள். காய்ந்திருந்தால் நீலம், ஈரத்தைக் குடித்துக் குடித்து வெளுத்து இளஞ்சிவப்பாகும். ஐப்பசி அடைமழையில் ஒரு வாரத்தில் பாதிக் குப்பி வெளுத்துவிடும். அப்போது ஃபோர்மேன் இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி, அந்தக் குருணையைக் கொட்டி, ரவை வறுக்கிற மாதிரி கரண்டியால் கிளறுவார். ஆவி பறக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நீலம் திரும்பி வரும். செலவு என்று பார்த்தால் கொஞ்சம் விறகு, அரை மணி நேரம்.

புஷ்ஷிங்குக்குள் இருக்கும் எண்ணெய் வேறு. ப்ரீதர் அதைக் காப்பாற்றாது, அதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். ஆனால் லண்டனில் சோதித்தார்களே! சாம்பிள் எடுத்தார்கள், ஈரம் என்று தாளில் எழுதினார்கள், அந்தத் தாளைப் பார்த்து அடுத்த வேலையைச் செய்ய ஆளில்லை. புது சப்ஸ்டேஷன் திறந்தால் அமைச்சர் வருவார், படம் பத்திரிகையில் வரும். புஷ்ஷிங் மாற்றினால் யார் வருவார்? அதற்குப் பணம் ஒதுக்குங்கள், ஆளைப் போடுங்கள் என்று தேர்தல் நேரத்தில் கேட்கும் ஒரு வாக்காளரை நான் பார்த்ததில்லை. நீங்கள் கேளுங்கள்.

போர்டிங் பாஸ், ஆதார் எல்லாமே போனில் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று என் மகன் கேட்கிறான்.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

2024 ஜூலை 19-ந்தேதியை மகனுக்குச் சொல்லுங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு படுத்துவிட்டன. நம் விமான நிலையங்களில் ஊழியர்கள் பேனாவை எடுத்து போர்டிங் பாஸை எழுதிக் கொடுத்தார்கள். நான் இன்றைக்கும் ஒரு நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறேன்.

ஏஐ-யிடம் ஒரு கேள்வி கேட்டால் எவ்வளவு கரண்ட் செலவாகும்? அதற்கான கம்ப்யூட்டர்களை அடுக்கி வைக்கும் டேட்டா சென்டர்கள் வந்தால் நம் பில் ஏறுமா?
– ஒரு கல்லூரி மாணவர், கோவை

ஒரு கேள்விக்கு எவ்வளவு என்ற கணக்கை விடுங்கள். கம்பெனிகள் போடும் ஒப்பந்தங்களைப் பாருங்கள், உண்மை அங்கே இருக்கிறது. அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979-ல் விபத்து நடந்தது இரண்டாவது உலையில். பக்கத்தில் இருந்த முதல் உலை நன்றாக ஓடியும் கட்டுப்படியாகாமல் 2019-ல் மூடப்பட்டது. அந்த 835 மெகாவாட் உலையைத் திரும்ப எழுப்பி, அதன் மின்சாரத்தைத் தன் டேட்டா சென்டர்களுக்காக இருபது வருஷத்துக்கு வாங்கிக்கொள்ள மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டது. நம் பக்கத்து விசாகப்பட்டினத்தில் கூகுள் 1,500 கோடி டாலரில் அமைக்கும் டேட்டா சென்டர் ஒரு கிகாவாட், அதாவது 1,000 மெகாவாட் அளவு. கூடங்குளத்தில் ஒரு உலையின் திறனே 1,000 மெகாவாட்தான். இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "முழுக்கப் பசுமை மின்சாரம்" என்று அவர்கள் சொல்லும்போது ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பிப்ரவரி மாத ராத்திரி எட்டு மணிக்கு எங்கிருந்து எடுப்பீர்கள்? காற்றாலைகளைச் சுற்றும் ஆரல்வாய்மொழிக் காற்று வைகாசியில் ஏறி புரட்டாசியில் அடங்கிவிடும். டேட்டா சென்டர் வருஷம் 365 நாளும் ஒரே அளவில் இழுக்கும். வருஷ முடிவில் மொத்தமாகக் கூட்டிக் கழித்துச் சரிக்கட்டுவதை ஏற்காமல், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மின்சாரத்துக்கு வழி காட்டினால்தான் அனுமதி என்று அரசு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த எட்டு மணி மின்சாரத்தை மின்வாரியம் வெளிச்சந்தையில் கொள்ளை விலைக்கு வாங்கும். அந்தச் செலவு உங்கள் வீட்டுப் பில்லில் வந்து உட்காரும்.

சாயங்கால மின்சாரத்துக்கு நம்மிடம் ஒரு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை, 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி விடுவது. நீலகிரியில் குந்தா திட்டம் 500 மெகாவாட், பல வருஷமாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதை முடியுங்கள் முதலில்.

பரந்தூர் விமான நிலையத்தை எதிர்ப்பவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகள் என்கிறேன். ஒப்புக்கொள்கிறீர்களா?
– ஒரு வாசகர், தாம்பரம்

இல்லை ஐயா. சென்னைக்கு இன்னொரு விமான நிலையம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 2015 டிசம்பரை நீங்களும்தானே பார்த்தீர்கள்? தாம்பரத்தில் இருக்கிறீர்கள், மறந்திருக்க மாட்டீர்கள். மீனம்பாக்கத்தில் இரண்டாவது ஓடுதளம் அடையாற்றின் மேல் பாலம் போட்டுத்தான் கட்டப்பட்டிருக்கிறது. வெள்ளம் வந்தபோது ஓடுதளம் குளமாகி, நாள்கணக்கில் விமான நிலையத்தையே மூடினார்கள். 2023-ல் மிக்ஜாம் புயலிலும் மூடினார்கள். ஓர் ஆற்றோடு பட்ட பாடு இது. பரந்தூரில் எடுக்கப்போவது சுமார் 5,700 ஏக்கர், பல கிராமங்கள், அதற்குள் ஏரிகளும் கால்வாய்களும் வயல்களும். 2022-ல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து, அந்தக் கிராமங்களில் ஒன்றான ஏகனாபுரத்துக்காரர்கள் சாயங்காலம் தோறும் கூடி உட்கார்ந்து சொல்வதும் இதைத்தான்: தண்ணீர் நிற்கிற நிலம் இது.

தண்ணீர் எங்கே நிற்கும் என்று ஏர் பிடித்தவருக்குத் தெரிந்த அளவு வரைபடத்துக்குத் தெரியாது. மாநில அரசும் மத்திய அரசும் வேறு எதில் சண்டை போட்டாலும் இதில் கைகோத்துக்கொண்டன. ஒரு நாள் அந்த மக்களோடு வரப்பில் நடந்து பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். ஐப்பசியில் போங்கள்.

மாடியில் சோலார் போடலாமா அக்கா? கரண்ட் போனாலும் வீட்டில் விளக்கு எரியும் என்கிறார் ஏஜென்ட்.
– ஒரு வாசகி, கோவில்பட்டி

போடலாம், ஆனால் ஏஜென்ட் சொன்னது தப்பு. பேட்டரி இல்லாமல் லைனோடு இணைத்த சோலார், கரண்ட் போன உடனே தானும் நின்றுவிடும். அப்படித்தான் நிற்க வேண்டும். கம்பம் ஏறி வேலை செய்யும் லைன்மேன், லைன் செத்துவிட்டது என்று நம்பித்தான் கை வைக்கிறார். உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் போனால் அவர் உயிர் போகும்.

மத்திய அரசு மானியம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். ஒரு கிலோவாட் நல்ல வெயிலில் நாளைக்கு நாலு யூனிட் கொடுக்கும்; இரண்டு மாதத்துக்கு 240 என்று வையுங்கள். முதல் 100 யூனிட் நமக்கு இலவசம் என்பதால், 200-க்குள் ஓட்டுகிற வீட்டுக்கு லாபம் சொற்பம், அவசரப்பட வேண்டாம். 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதமே மாறுகிறது. அந்த வீடு யோசிக்காமல் போடலாம். பேனலை விடிகாலையில், கண்ணாடி ஆறியிருக்கும்போது கழுவுங்கள். உங்கள் ஊர்ப் புழுதிக்குப் பத்து நாளைக்கு ஒரு தடவை.

கடைசி நேரத்தில் விமானத்தை ரத்து செய்தால் டிக்கெட் பணம் மட்டும்தான் திரும்ப வருமா?
– ஒரு வாசகர், மதுரை

எனக்கும் ஒரு முறை அப்படி நடந்தது. கவுன்டரில் இருந்த பெண் "ரீஃபண்ட் வந்துடும் மேடம்" என்றதோடு முடித்துக்கொண்டார். பாவம், அவரிடம் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. ஆனால் விதி வேறு சொல்கிறது. முன்கூட்டியே தெரிவிக்காமல் ரத்து செய்தால், பணத்தைத் திருப்புவது அல்லது வேறு விமானம் கொடுப்பது போக, நஷ்டஈடும் உண்டு. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 5,000 ரூபாய் வரை, இரண்டு மணி நேரம் வரை என்றால் 7,500, அதற்கு மேல் 10,000. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தொகை. வானிலை மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் கிடைக்காது. அதனால் ரத்துக்கு என்ன காரணம் என்பதை அந்த இடத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் வாங்கினேன். ஒரு துண்டுத் தாளில் "பணியாளர் பற்றாக்குறை" என்று எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்கள். நாற்பது நாளில் 7,500 ரூபாய் வந்தது.