பார்வையற்ற கல்லூரி மாணவருக்கு பி.எட்., வங்கித் தேர்வு தவிர வேறு வழி உண்டா? வேலையை எப்படித் தேடுவது?

பி.காம். இறுதியாண்டில் படிக்கும் முழுப் பார்வையற்ற மாணவர் என்று உங்களைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பி.எட். படி, இல்லையென்றால் வங்கித் தேர்வு எழுது என்று வீட்டிலும் கல்லூரியிலும் ஒரே குரலில் சொல்வதாகவும், தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும்போது பார்வையின்மையைத் தெரிவிப்பதா மறைப்பதா என்று குழம்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் முழுப் பார்வையற்றவன்தான். அரசு கலைக் கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு, இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இணையதளங்களின் அணுகல்தன்மையை, அதாவது மாற்றுத்திறனாளிகளாலும் அவற்றைப் பயன்படுத்த முடிகிறதா என்பதை, சோதிக்கும் பணியில் இருக்கிறேன்.

ஆசிரியர் பணியையும் வங்கிப் பணியையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறிவுரை, கணினி நம்மிடம் பேசத் தொடங்காத காலத்தில் உருவானது. குரலையும் நினைவாற்றலையும் கொண்டு செய்துவிடக்கூடிய வேலைகளை அக்காலத்து மூத்தவர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள்; அவர்களுக்கு அது சரியான தேர்வு. 2006-இல் தொடங்கப்பட்டு இன்றுவரை இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்) கையில் இருக்கும் உங்களுக்கும் அதே இரண்டு கதவுகளை மட்டும் காட்டுவது, அக்கறையின் பேரில் செய்யப்படும் சோம்பல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நிறுவனங்களின் தயக்கம் பெரும்பாலும் உங்கள் பட்டத்தைப் பற்றியதோ மதிப்பெண்ணைப் பற்றியதோ அன்று. "இவர் இந்த வேலையை எப்படிச் செய்வார்?" என்ற கேள்வி அவர்கள் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், புண்படுத்திவிடுவோமோ என்ற கூச்சத்தில் கேட்காமலேயே நிராகரித்துவிடுவார்கள். ஆகவே, எந்த வேலை என்று முடிவெடுப்பதற்கு முன்பே, அந்த வேலையின் ஒவ்வொரு பகுதியையும் எந்த முறையில் செய்வீர்கள் என்பதைக் கல்லூரியில் இருக்கும்போதே செய்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வணிகவியல் மாணவரான உங்களுக்கு முதல் சோதனைக்களம் எக்செல். ஒரு விற்பனைப் பட்டியலைத் திறந்து, தலைப்பு வரிசையின் முதல் கட்டத்தில் நின்றுகொண்டு என்விடிஏ விசை (வழக்கமாக இன்சர்ட்), ஷிஃப்ட், சி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால், அதன்பின் எந்தக் கட்டத்துக்கு நகர்ந்தாலும் அந்த நெடுவரிசையின் தலைப்பையும் சேர்த்தே படித்துக் காட்டும். இத்தனை நெடுவரிசைகளுக்கு நடுவில் எங்கே நிற்கிறோம் என்ற தடுமாற்றம் அதோடு தீர்ந்துவிடும். கணக்குப் பதிவு மென்பொருள்கள் எல்லாம் இவ்வளவு ஒத்துழைப்பதில்லை. எது ஒத்துழைக்கிறது, எது பாதியில் மௌனமாகிவிடுகிறது என்பதை நீங்களே நிறுவிச் சோதித்துக் குறித்து வைத்தால், அந்தக் குறிப்பே நேர்காணலில் பேசுவதற்கான சரக்காகும்.

எனக்கு நடந்த நேர்காணல் ஒன்றில், குழுவில் இருந்த ஒருவர் மிகுந்த தயக்கத்தோடு, "மெயிலெல்லாம் யாராவது படித்துச் சொல்வார்களா சார்?" என்று கேட்டார். நான் மடிக்கணினியைத் திறந்து, ஹெட்ஃபோனைக் கழற்றி ஒலியை அறைக்கே கேட்கும்படி வைத்து, நான் வழக்கமாகக் கேட்கும் வேகத்தில் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது என்பதால் பேச்சின் வேகத்தையும் குறைத்து, ஒரு மின்னஞ்சலைப் படித்துப் பதில் எழுதி அனுப்பிக் காட்டினேன். அதற்குப் பிறகு கேட்கப்பட்டவை எல்லாம் வேலையைப் பற்றிய கேள்விகள்தான். கேட்பார்கள் என்று காத்திராமல் நீங்களாகவே காட்ட முன்வருவது நல்லது.

தெரிவிப்பதா என்ற கேள்விக்கு என் கருத்து இது. சுயவிவரத்தின் முதல் வரியில் குறைபாட்டின் சதவீதத்தை எழுதத் தேவையில்லை. தனியார் வேலைக்கு அது தகுதியும் இல்லை, தகுதிக்குறைவும் இல்லை. தேர்வுக்கோ நேர்காணலுக்கோ அழைப்பு வந்தவுடன், அந்த நாளுக்கு முன்பே மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "நான் பார்வையற்றவன். திரைவாசிப்பான் மூலம் கணினியைப் பயன்படுத்துகிறேன். உங்கள் தேர்வுத் தளம் அதனுடன் இயங்குமா என்று தெரிவிக்கவும். இயங்காவிட்டால், கேள்விகளைப் படித்துச் சொல்ல ஓர் உதவியாளரும் கூடுதல் நேரமும் தேவை" என்ற அளவில் சுருக்கமாக இருந்தால் போதும். இதைச் சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்றால், பல இணையவழித் தேர்வுகளில் வரைபடக் கேள்விகள் திரைவாசிப்பானால் படிக்க முடியாத வெறும் படமாக இருக்கும். சில கண்காணிப்பு மென்பொருள்கள் திரைவாசிப்பானையே முறைகேட்டுக் கருவியாகக் கருதி நிறுத்திவிடும். தேர்வு தொடங்கிய பிறகு இதைச் சரிசெய்ய யாரும் வரமாட்டார்கள். நேரில் பார்த்தால் தெரியாத குறைபாடு உள்ள நண்பர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. தேர்விலோ பணியிலோ ஏதேனும் ஏற்பாடு தேவைப்பட்டால் மட்டுமே அவர்கள் தெரிவித்தால் போதும்.

சட்டம் எங்கே துணை நிற்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 34-ஆவது பிரிவு அரசுப் பணிகளில் 4 சதவீத இடஒதுக்கீட்டை வழங்குகிறது. அதில் 1 சதவீதம் பார்வையின்மைக்கும் குறைந்த பார்வைக்கும் உரியது. இந்த ஒதுக்கீடு தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் 21-ஆவது பிரிவின்படி தனியார் உட்பட ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். இருபது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள தனியார் நிறுவனமானால், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியிடங்களின் பட்டியல், செய்யப்பட்டுள்ள வசதிகள், தொடர்பு அலுவலர் நியமனம் ஆகியவை அந்தக் கொள்கையில் இருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. விண்ணப்பிக்கும் முன் நிறுவனத்தின் தளத்தில் அந்தக் கொள்கையைத் தேடிப் படியுங்கள். ஒப்புக்கு எழுதியதா, மனத்தோடு எழுதியதா என்பது இரண்டு பத்தியிலேயே புரிந்துவிடும்.

அரசுத் தேர்வுகளையும் விட்டுவிடாதீர்கள். எந்தெந்த மத்திய அரசுப் பணியிடம் யாருக்கு ஏற்றது என்ற பட்டியலை மத்திய அரசு 2021 ஜனவரி 4-இல் அறிவிக்கை செய்தது. அதில் முழுப் பார்வையின்மைக்கு 'பி', குறைந்த பார்வைக்கு 'எல்வி' என்ற குறியீடுகள் இருக்கும். ஒரு பணியிடத்துக்கு எதிரே 'எல்வி' மட்டும் இருப்பதைக் கவனியாமல் ஓராண்டு படித்தவர்களை எனக்குத் தெரியும். சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைன் ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகப் பணியாற்றியபடியே குடிமைப் பணித் தேர்வில் வென்று, 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் முழுப் பார்வையற்றவர் ஆனார். வேலையில் இருந்துகொண்டு தேர்வு எழுதினார் என்பதைக் கவனியுங்கள். மத்திய அரசுப் பணிகளில் நமக்குப் பொதுவாகக் கிடைக்கும் 10 ஆண்டு வயதுத் தளர்வு ஒரு சலுகைதான். ஆனால் அதை நம்பியே விடுதி அறையில் முப்பது வயதைக் கடந்துவிட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. வேலை அனுபவம் இல்லாத அந்த இடைவெளியைப் பிறகு தனியார் துறையில் விளக்குவது கடினம்.

எங்கே தேடுவது என்றால், முதலில் உங்கள் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவுக்கு நேரில் செல்லுங்கள். நிறுவனங்களுக்கு அனுப்பும் பட்டியலில் நம் பெயரை அவர்களாகவே விட்டுவிடும் வழக்கம் சில கல்லூரிகளில் உண்டு. "வீண் அலைச்சல் வேண்டாமே" என்ற நல்லெண்ணமாம். அடுத்து, சென்னை கிண்டியில் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது. பழைய ஆட்கள் இன்றும் அதன் முந்தைய பெயரான தொழில்சார் மறுவாழ்வு மையம் என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக வி.ஆர்.சி. என்றே சொல்வார்கள். சென்னையின் எபிலிட்டி ஃபவுண்டேஷன், பெங்களூருவின் எனேபிள் இந்தியா ஆகிய தொண்டு நிறுவனங்களும் மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்புக்காகப் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. இவற்றில் பதிவு செய்வதற்கு முன் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யுடிஐடி அட்டையை வாங்கிவிடுங்கள்.

என் துறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் திறனே தொழில்தகுதியாக மதிக்கப்படும் வேலை இது. ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துள்ளதால், அங்கே சேவை வழங்கும் நிறுவனங்கள் தம் தளங்களைச் சோதித்தே ஆக வேண்டியிருக்கிறது. ஆயினும் பார்வையற்றவர் என்பதற்காகவே எல்லோரும் இங்கே வர வேண்டியதில்லை, அதுவும் பி.எட். அறிவுரையின் புதிய வடிவமாகிவிடும். எண்களில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால் தணிக்கை, ஊதியப் பட்டியல், தரவுப் பகுப்பாய்வு ஆகியவற்றை ஒரு கோடை விடுமுறைப் பயிற்சியிலாவது தொட்டுப் பாருங்கள்.

பணி ஆணை கைக்கு வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அலுவலகக் கணினிகளில் நாமாக எந்த மென்பொருளையும் நிறுவ முடியாது. தகவல் தொழில்நுட்பப் பிரிவின் அனுமதி வேண்டும். சேரும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே என்விடிஏ நிறுவித் தருமாறு எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால், முதல் வாரம் முழுவதும் பேசாத கணினியின் முன் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும்.